சான்டொரினியில் கவாத்து

கிரீஸின் சான்டொரினித் தீவில் நான் திராட்சைத் தோட்ட வேலைக்குச் சேர்ந்தது ஜனவரி மாதம், கவாத்து நேரம். தோட்டம் என்று அழைத்துப் போன இடத்தில் பந்தலும் இல்லை, கம்பியும் இல்லை. சாம்பல் நிற எரிமலை மண்ணில் பெரிய கூடைகளை வரிசையாக வைத்ததுபோல் கொடிகள் தரையோடு கிடந்தன. அதுதான் அசிர்டிகோ, இந்தத் தீவின் வெள்ளைத் திராட்சை.

வேலை சொல்லிக்கொடுத்தவர் ஒரு பெரியவர். வெட்டாமல் விட்ட நீளத் தண்டுகளைச் சும்மாடு கூட்டுவதுபோல் பழைய வளையத்தின்மேல் சுற்றிப் பின்ன வேண்டும். அந்த வளையத்துக்குக் கூலூரா என்று பெயர். குலைகள் கூடைக்குள்ளேயே காய்க்கும். கோடையில் மெல்டெமி என்கிற வடகாற்று மணலை வாரி அடித்தாலும் காய்க்குச் சேதம் குறைவு.

முதல் நாளே அவசரப்பட்டு ஒரு தண்டை முறித்துவிட்டேன். பெரியவர் திட்டவில்லை. அடுத்த தண்டைப் பிடித்து, கொஞ்சம் முறுக்கி, கொஞ்சம் வளைத்து, மறுபடி முறுக்கிக் காட்டினார். அப்புறம் கூடையின் அடியில் மண்ணை விலக்கினார். தொடை கனத்துக்கு ஒரு வேர்க்கட்டை. காய்ப்புக் குறைந்த கூடையை அங்கே அறுத்துவிட்டால், அதே வேரிலிருந்து புதுத் தளிர் வரும், மறுபடி பின்னலாம். அவருடைய தாத்தாவும் அதே கட்டையை அறுத்தவராம்.

19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் திராட்சைத் தோட்டங்களை அழித்த ஃபிலாக்சரா என்ற வேர்ப்பூச்சி இங்கே பிழைக்கவில்லை. இந்த நிலத்தில் களிமண் கிட்டத்தட்ட இல்லை என்பதுதான் காரணம். அதனால் மற்ற இடங்களைப்போல் பூச்சி தாங்கும் வேரில் ஒட்டுக்கட்டாமல் சொந்த வேரிலேயே கொடி நிற்கிறது. முறித்த தண்டை அன்று என்னால் தூக்கிப் போட முடியவில்லை.

கோடையில் மழையே கிடையாது. இரவில் கடலிலிருந்து ஏறும் ஈரத்தை மண்ணில் கிடக்கும் எரிமலை நுரைக்கல் பிடித்துவைத்துக்கொள்ளும். ஆகஸ்டில் அறுவடை. அவ்வளவு வெயிலில் பழுத்தும் புளிப்பு இறங்காது. அசிர்டிகோவின் பெருமையே அதுதான். கொஞ்சத்தை வெயிலில் உலர்த்தி வின்சாண்டோ என்ற இனிப்பு ஒயினுக்கு வைப்பார்கள்.

கூடைக்குள் இயந்திரம் நுழையாது, எல்லாம் குனிந்து செய்யும் கைவேலை. விளைச்சலோ குறைவு. நிலம் விடுதிகளுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. எனக்கு அது பெரிய வருத்தம்.

இரண்டாம் வருடக் குளிர்காலத்தில் கிழக்குச் சுவரோரம் ஒரு வரிசையை முழுதாக என்னிடம் விட்டார். முடித்ததும் வந்து ஒவ்வொரு வளையத்தையும் இழுத்துப் பார்த்தார். எதையும் பிரிக்கவில்லை.