கதவு திறந்தது, கடிதம் மட்டும் போய்ச் சேரவில்லை

அக்கா ஒரு சிறுவர் கதைத் தளம் நடத்துகிறாள். பிள்ளைகள் எழுதும் கதைகளும் வரையும் படங்களும்தான் அதன் உயிர். எல்லாம் வாட்ஸப்பில் வரும். ராத்திரி சமையலறை வேலை முடிந்த பிறகு உட்கார்ந்து, ஒவ்வொன்றாகத் தளம் ஓடும் மென்பொருளான வேர்ட்பிரஸில் ஒட்டிப் படத்தையும் ஏற்றுவாள். "தம்பி, கதையைப் படிக்கிற நேரத்தைவிட ஒட்டுற நேரம்தான்டா அதிகமா இருக்கு" என்று ஒருநாள் சொன்னாள். அப்போதுதான் என்8என் (ஒரு செயலியிலிருந்து இன்னொன்றுக்கு வேலையைத் தானாகக் கடத்தும் கருவி) வைத்து இதைச் செய்துகொடுப்பது என்று முடிவு செய்தேன்.

மாத வாடகைக்கு எடுத்த ஒரு சின்ன சர்வரில், மென்பொருளைப் பெட்டியாகக் கட்டி ஓட்டும் டாக்கர் வழியாக என்8என் ஏற்றினேன். அதில் பெரிய சிரமம் இல்லை. பிள்ளைகள் நிரப்புவதற்கான படிவத்தை என்8என்னிலேயே உருவாக்கிக்கொள்ளலாம். ஆனால் அதன் இணைப்பு 'லோக்கல்ஹோஸ்ட் 5678' என்றே, அதாவது அந்த சர்வருக்குள் மட்டும் திறக்கும் முகவரியாக, வந்துகொண்டிருந்தது. வெளியார் வந்து சேரும் முகவரியைச் சொல்லும் வெப்ஹூக் யூஆர்எல் என்ற அமைப்பில் நம் டொமைனைக் கொடுத்ததும் சரியாகிவிட்டது.

அடுத்து வேர்ட்பிரஸ் பக்கம். வெளியிலிருந்து நுழையும் கருவிகளுக்கு நம் சொந்தக் கடவுச்சொல்லைத் தர வேண்டியதில்லை. 2020 டிசம்பரில் வந்த 5.6 பதிப்பிலிருந்து அப்ளிகேஷன் பாஸ்வேர்டு என்ற வசதி இருக்கிறது. பயனர் பக்கத்தின் அடியில் ஒரு பெயர் கொடுத்தால் நான்கு நான்கு எழுத்தாக ஆறு கூட்டம், மொத்தம் 24 எழுத்து, ஒரே ஒரு முறை காட்டும். இடைவெளியோடு ஒட்டினாலும் ஏற்றுக்கொள்ளும். அக்காவின் அட்மின் கணக்கில் இதை உருவாக்க எனக்கு மனம் வரவில்லை. தனியாக ஒரு பயனரைச் சேர்த்தேன். முதலில் கொடுத்தது கான்ட்ரிபியூட்டர் பொறுப்பு. அதற்குப் படம் ஏற்றும் உரிமை கிடையாது என்று தெரிந்ததும் ஆத்தர் ஆக்கினேன்.

என்8என்னில் பயனர் பெயர், அந்த 24 எழுத்து, தள முகவரி மூன்றையும் கொடுத்தேன். பழைய பதிவுகளை எடுத்து வா என்று சொல்லிப் பார்த்தேன். கதைகள் வரிசையாக வந்து விழுந்தன. வேலை முடிந்தது என்று அக்காவுக்குச் செய்தியும் அனுப்பிவிட்டேன்.

புதுப் பதிவு போடச் சொன்னபோது 401 என்ற பிழை எண் வந்தது. 'இந்தப் பயனராகப் பதிவுகள் உருவாக்க உங்களுக்கு அனுமதி இல்லை' என்ற பொருளில் ஒரு வரி. அனுமதி என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு இரண்டு ராத்திரி அலைந்தேன். ஆத்தரை எடிட்டர் ஆக்கினேன், எடிட்டரை அட்மின் ஆக்கினேன், கடவுச்சொல்லை மூன்று முறை மாற்றினேன். அதே 401.

மூன்றாம் நாள்தான் அந்த எண்ணைக் கவனித்துப் பார்த்தேன். உள்ளே வந்த ஆளுக்கு உரிமை போதவில்லை என்றால் வேர்ட்பிரஸ் 403 சொல்லும். 401 என்றால் 'நீ யாரென்றே எனக்குத் தெரியவில்லை' என்று அர்த்தம். அப்படியானால் பழைய பதிவுகள் எப்படி வந்தன? அவை வெளியான பதிவுகள், யார் கேட்டாலும் ரெஸ்ட் ஏபிஐ (பிற கருவிகள் வேர்ட்பிரஸோடு பேசும் வாசல்) கொடுக்கும். என் கடவுச்சொல்லை அது பார்க்கவே இல்லை.

இதை உறுதிசெய்ய நேரான வழி ஒன்று உண்டு. அந்த ஏபிஐயின் பயனர்கள் முகவரியின் முடிவில் 'மீ' சேர்த்துக் கேட்டால், கேட்பவர் யார் என்று வேர்ட்பிரஸ் சொல்ல வேண்டும். மடிக்கணினியிலிருந்து கர்ல் என்ற கட்டளை மூலம் கேட்டேன். அங்கேயும் 401. அப்போது என்8என் மேல் தவறில்லை. நாம் அனுப்பும் ஆத்தரைசேஷன் ஹெடர் (கடவுச்சொல்லைச் சுமந்து போகும் வரி) வழியிலேயே எங்கோ விழுந்துவிடுகிறது.

வேர்ட்பிரஸின் சைட் ஹெல்த் பக்கத்தைத் திறந்தேன். ஆத்தரைசேஷன் ஹெடர் வரவில்லை என்று அங்கே தெளிவாகவே எழுதியிருந்தது. அப்பாச்சி என்ற வெப் சர்வரில், வேர்ட்பிரஸை இயக்கும் பிஎச்பி சிஜிஐ என்ற முறையில் ஓடினால் அந்த ஹெடரைக் கைமாற்றாமல் விட்டுவிடுவது பழைய பிரச்சினை. 5.6 முதல் எச்டிஆக்சஸ் என்ற அப்பாச்சியின் அமைப்புக் கோப்பில் வேர்ட்பிரஸே அதற்கான ஒரு வரியை எழுதிவிடுகிறது. அக்காவின் தளம் அதற்கும் முந்தியது. பழைய கோப்பே கிடந்திருக்கிறது. அமைப்புகளில் பெர்மாலிங்க் (பதிவுகளின் முகவரி) பக்கத்துக்குப் போய், எதையும் மாற்றாமல் சேமி பொத்தானை அழுத்தினேன். கோப்பு புதிதாக எழுதப்பட்டது. மறுபடி 'மீ' கேட்டேன். நான் உருவாக்கிய பயனரின் பெயர் வந்தது. உடனே அவரைத் திரும்ப ஆத்தராக இறக்கினேன்.

படங்களுக்கு என்8என்னின் வேர்ட்பிரஸ் நோடு (ஒரு வேலைக்கான கட்டம்) உதவவில்லை. எச்டிடிபி ரிக்வஸ்ட் நோடில் அதே கிரெடென்ஷியலை (சேமித்துவைத்த நுழைவு விவரத்தை) வைத்து மீடியா முகவரிக்கு அனுப்பி, திரும்பி வரும் எண்ணைப் பதிவின் முகப்புப் படமாகக் கொடுக்க வேண்டும்.

அப்புறம் தமிழுக்கே உரிய ஒன்று. 'மரத்தில் ஏறிய ஆட்டுக்குட்டியும் பயந்த காக்கையும்' என்ற கதையின் முகவரி 'மரத்தில்-ஏறிய-ஆட்டுக்குட' என்று பாதியில் நின்றது. முகவரிக்கு 200 எழுத்துதான் இடம். அதில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் ஒன்பது இடம் பிடிக்கும், புள்ளியும் கொம்பும்கூடத் தனித்தனியாக. அதனால் முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில், வரிசை எண்ணோடு நானே கொடுக்கும்படி செய்தேன்.

புதிதாக வந்த கதைகளின் பட்டியலை டெலிகிராமில் அக்காவுக்கு அனுப்பவும் வைத்தேன். காலை 6 மணிக்குப் போக வேண்டிய அது மதியம் 3.30க்குப் போனது. நேர மண்டலம் எதுவும் நாம் சொல்லாவிட்டால் என்8என் நியூயார்க் நேரத்தை எடுத்துக்கொள்ளும். நேர மண்டலத்தை ஆசியா/கொல்கத்தா என்று மாற்றினேன். கிரெடென்ஷியல்களைப் பூட்டும் என்கிரிப்ஷன் கீயையும் வேறோர் இடத்தில் எடுத்துவைத்திருக்கிறேன். அது தொலைந்தால் பேக்கப் இருந்தும் கடவுச்சொற்களைத் திறக்க முடியாது.

கதைகள் நேராக வெளியாகாமல் டிராஃப்டாகத்தான் சேரும்படி வைத்திருக்கிறேன். பிள்ளைகளின் எழுத்தை ஒரு மனிதக் கண் பார்த்துத்தான் வெளியிட வேண்டும். நேற்றுக் காலை பட்டியலில் நான்கு கதைகள் இருந்தன. காபி ஆறும்வரை அக்கா ஒன்றையே படித்துக்கொண்டிருந்தாள். "இந்தப் புள்ள காக்காய்க்குச் செருப்பு போட்டு வரைஞ்சிருக்கு பாரேன்" என்று போனை என் பக்கம் திருப்பினாள்.