அசல் டேங்க்கும் அதன் நகலும்

என் மேசை மேல் இரண்டு கேஃபன் டேங்க்குகள் இருக்கின்றன. வேப் எனப்படும் மின்சிகரெட்டில் திரவத்தை நிரப்பி ஆவியாக்கும் மேல்பகுதிதான் டேங்க். ஒன்று ஜெர்மனியில் தயாரான ஒரிஜினல். லண்டனில் 110 பவுண்டு கொடுத்து வாங்கினேன். மற்றொன்று சீனாவின் ஷென்ஜெனிலிருந்து 16 பவுண்டுக்கு வந்த குளோன். 22 மில்லிமீட்டர் விட்டமும், மேலே பொறித்த எழுத்துகளும், வரிசை எண்ணும்கூட அச்சு அசலாக ஒன்றுபோலவே இருப்பதால், இரண்டையும் கண்ணால் மட்டும் பார்த்துப் பிரித்துச் சொல்ல என்னாலேயே முடியாது. இருபது ஆண்டுகளாகப் பிடித்த சிகரெட்டை வேப்பிங்கின் துணையால்தான் விட்டேன். சிகரெட்டை விட்டு வேப்பிங்குக்கு வர நினைக்கும் நண்பர்கள் பலரும், ஏழு மடங்கு விலை கொடுப்பதில் அர்த்தம் உண்டா என்று என்னிடம் கேட்கிறார்கள். உண்டு என்பதே என் பதில். ஆனால், எல்லா இடத்திலும் இல்லை.

கையில் எடுத்துத் திருகிப் பார்த்தால் முதல் வேறுபாடு தெரியும். ஒரிஜினலின் மரை, நெய் தடவியதுபோல் வழுக்கிக்கொண்டு போய் ஓரிடத்தில் அமைதியாக நிற்கும். குளோனைத் திருகும்போது மணல் அரைபடுவதுபோன்ற ஓசை கேட்கும்; பிரித்துப் பார்த்தால் மரையின் பள்ளங்களில் கறுப்பாக எண்ணெய்ப் பிசுக்கு தேங்கியிருக்கும். உலோகத்தைக் கடையும்போது ஊற்றிய எண்ணெயைக் கழுவாமலேயே பெட்டியில் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். வெந்நீரில் சோப்பு கலந்து மூன்று முறை கழுவிய பிறகுதான் அந்த வாடை போனது. நாம் நுரையீரல்வரை இழுக்கும் ஆவி அந்த உலோகத்தைத் தொட்டுத்தான் வருகிறது என்பதால், இதை வெறும் அழகுக்குறையாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

ஆனால், குளோனுக்கு உரிய நியாயத்தையும் செய்தாக வேண்டும். சுவையைத் தீர்மானிப்பவை பெரும்பாலும் காயில் எனப்படும் சூடாகும் கம்பிச்சுருளும், திரவத்தை உறிஞ்சும் பஞ்சும், காற்று வரும் வழியும்தான். ஒரே கம்பியில் ஒரு ஓம் காயில் சுற்றி, ஒரே பஞ்சை வைத்து, நன்றாகக் கழுவிய குளோனையும் ஒரிஜினலையும் மாற்றி மாற்றி இழுத்துப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு எது எதென்று சொல்ல என்னால் இயலவில்லை. சுவைக்காக மட்டும்தான் 94 பவுண்டு கூடுதலாகக் கொடுக்கிறேன் என்று ஒருவர் சொன்னால், அவரைத் தடுக்கத்தான் தோன்றும்.

என் கருத்தை மாற்றியது சுவையன்று, அடியில் இருக்கும் ஒரு சிறு முள். பேட்டரி இருக்கும் கருவியோடு (அதை மோட் என்பார்கள்) டேங்க்கை இணைக்கும் 510 என்னும் மரையின் நடுவே இருக்கும் இந்த முள்தான் நேர்முனை. அதைச் சுற்றியுள்ள மரை எதிர்முனை. சர்க்யூட் எதுவும் இல்லாத மெக்கானிக்கல் மோட்களில், ஹைப்ரிட் என்று சொல்லப்படும் வகையில், டேங்க்கின் இந்த முள் நேராகப் பேட்டரியின் தலையில் உட்காரும். ஒரிஜினலில் அந்த முள் மரையைத் தாண்டி ஒரு மில்லிமீட்டரளவு வெளியே நீண்டிருக்கிறது. என் குளோனிலோ அது மரையின் விளிம்போடு சமமாக நின்றிருந்தது. அதைக் கவனிக்காமல் ஒரு மாலை அதை மோடில் பொருத்திப் பொத்தானை அழுத்தினேன். ஆவி வரவில்லை, கருவிதான் சுட்டது. விரலை எடுத்த பிறகும் பொத்தான் உள்ளேயே சிக்கிக்கொண்டது. அடுப்படித் துணியால் பிடித்து டேங்க்கைக் கழற்றுவதற்குள், பேட்டரியின் மேலுறை சுருங்கிப் பொசுங்கிவிட்டிருந்தது. முள்ளும் மரையும் ஒரே நேரத்தில் பேட்டரியின் நேர்முனையைத் தொட்டதால், காயில் வழியாகப் போக வேண்டிய மின்சாரம் ஷார்ட் சர்க்யூட்டாகிவிட்டது. இதில் போடும் 18650 என்னும் உருளை வடிவப் பேட்டரி, முழுதாகச் சார்ஜ் ஏறியிருந்தால் 4.2 வோல்ட் கொடுக்கும். ஒரு ஓம் காயிலில் அது நான்கு ஆம்பியர் சொச்சம்தான். தடுக்க எதுவும் இல்லாதபோது அதுவே நூறு ஆம்பியரைத் தாண்டக்கூடும்.

இதனால் ஒரிஜினல் வாங்கிவிட்டாலே ஆபத்தில்லை என்று நான் சொல்லவில்லை. 2018 மே மாதத்தில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 38 வயதுக்காரர் ஒருவர் வேப் கருவி வெடித்து இறந்தார். அதுவும் பாதுகாப்புச் சர்க்யூட் இல்லாத வகைக் கருவியே. மெக்கானிக்கல் மோடை நான் அன்றோடு விட்டுவிட்டேன்.

கருவியை விட பேட்டரியில் செய்யும் போலித்தனம் இன்னும் மோசமானது. 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட அந்த உருளைக்குள், சாம்சங்கின் 25ஆர் பேட்டரியில் அடங்கும் மின்கொள்ளளவு 2500 மில்லிஆம்பியர்-மணி. எல்ஜியின் எச்ஜி2-வில் 3000. இரண்டுமே 20 ஆம்பியர்வரை தாங்கும் என்று தயாரிப்பாளர்கள் குறித்திருக்கிறார்கள். அதே அளவுள்ள உருளையில், அதற்குள் அடங்கவே முடியாத 9900 என்று அச்சடித்து விற்பவர்கள் பழைய லேப்டாப்பிலிருந்து உருவிய பேட்டரிகளுக்குக்கூடப் புது உறை போட்டுக் கொடுக்கிறார்கள். டேங்க்கில் மிச்சம் பிடிப்பவர் இதில் மட்டும் மிச்சம் பிடிக்கக் கூடாது என்று நான் கெஞ்சியே கேட்டுக்கொள்வேன்.

சர்க்யூட் உள்ள மோட்களில் சக்தியைக் கட்டுப்படுத்தும் சிப் விஷயமும் இதே கதைதான். அமெரிக்காவின் ஓஹையோவிலுள்ள எவால்வ் நிறுவனம் 2014-இல் கொண்டுவந்த டிஎன்ஏ 40 சிப், நிக்கல் கம்பி சூடாகும்போது அதன் மின்தடை கூடுவதை அளந்து, பஞ்சு கருகுவதற்கு முன்பே சக்தியைக் குறைத்துவிடும். வெளிக்கூட்டையும் திரையையும் நகலெடுப்பது எளிது; இந்த அளவையின் துல்லியத்தை நகலெடுப்பது எளிதன்று. ஒரிஜினல் மோடுக்கு நாம் கூடுதல் விலை கொடுப்பது முக்கியமாக இதற்காகத்தான்.

இன்னொன்றும் என் மனத்தை உறுத்துகிறது. ஒரு டேங்க்கின் காற்றுவழியை எத்தனையோ முறை கடைந்து பார்த்து, சரிவராமல் தூக்கியெறிந்து, மறுபடி கடைந்தவர்கள் சிறு பட்டறைக்காரர்கள். அந்த உழைப்புக்குக் காசு கொடுக்காமல் அளவெடுத்துச் செய்வதோடு நிற்காமல், அவர்களுடைய பெயரையும் அதே இடத்தில் பொறித்து விற்பதை நான் திருட்டு என்றே கருதுகிறேன். சொந்தப் பெயரில், குறைந்த விலைக்கு, நல்ல டேங்க் செய்யும் சீன நிறுவனங்கள் இப்போது நிறைய இருக்கின்றன. காசு குறைவாக இருக்கும் நண்பர்களை நான் அங்கேதான் அனுப்புகிறேன்.

இந்தியாவில் 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இவற்றை விற்பதும் இறக்குமதி செய்வதும் குற்றம். ஆகவே ஊரில் இருப்பவர்களுக்கு இந்த ஒப்பீடு பயன்படாது, கள்ளச்சந்தையில் கிடைப்பதை ஒரிஜினல் என்று நம்பவும் வேண்டாம். புகைக்காதவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டியதில்லை.

அந்தக் குளோனை என் மைத்துனர் கேட்டார். முள்ளைக் கழற்றி, ஒரிஜினலுக்கு உபரியாக வாங்கி வைத்திருந்த முள்ளை அதில் மாட்டி, அது எவ்வளவு வெளியே நிற்கிறது என்று அளந்து பார்த்தேன். சர்க்யூட் உள்ள மோடில் மட்டுமே போட வேண்டும் என்று சொல்லி நாளைக்குக் கொடுக்கப் போகிறேன். கூடவே இரண்டு நல்ல பேட்டரிகளும், அவற்றைச் சாவிக்கொத்தோடு பைக்குள் போடாமல் வைக்க ஒரு பிளாஸ்டிக் உறையும் எடுத்து வைத்திருக்கிறேன்.