பின்சுவரோரக் கசடு
துவாக்குடியில் எங்கள் பட்டறையின் பின்சுவரோரம் மூட்டை மூட்டையாகக் கிடக்கும் சப்மெர்ஜ்டு ஆர்க் வெல்டிங் கசட்டை (பற்றவைப்பை மூடிக் காக்கும் ஃபிளக்ஸ் என்ற தூள் உருகி இறுகிய மிச்சம்) அரைத்து மறுபடியும் ஃபிளக்ஸாகப் போடலாமே என்று யாராவது கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். அரைத்து, காந்தத்தால் இரும்புத் துகளை நீக்கிச் சலித்துவிட்டால் பார்வைக்குப் புதியது போலவே இருக்கும் (கறுத்த கண்ணாடிச் சில்லு என்பதே பொருத்தம்). ஆனால், ஃபிளக்ஸில் கலந்திருந்து உருகிய உலோகத்தின் ஆக்சிஜனை வாங்கிக்கொள்ளும் மாங்கனீசுத் தூளும் சிலிக்கான் தூளும் முதல் வெல்டிங்கிலேயே பெருமளவு தீர்ந்துவிடுவதால், அவற்றை மறுபடி சேர்த்து, சோடியம் சிலிகேட் கொண்டு மணிகளாக்கிச் சுட்டெடுக்காவிட்டால் பற்றவைப்பில் நுண்துளை விழக்கூடும். அமெரிக்க வெல்டிங் சங்கத்தின் ஏ5.17 தரநிலை இத்தகைய ஃபிளக்ஸைத் தடுக்கவில்லை. ஃபிளக்ஸின் வகைக்குறியில் 'எஸ்' என்ற எழுத்தைச் சேர்த்து, அதில் அரைத்த கசடு இருப்பதை வெளிப்படையாகச் சொல்லச் சொல்கிறது. தாங்கிச் சட்டங்களுக்கு, அதுவும் சோதனைத் தகட்டை வளைத்துப் பார்த்த பிறகே, நான் ஒப்புக்கொண்டிருக்கிறேன். நீராவி அழுத்தத்தைத் தாங்கும் பாய்லர் டிரம்முக்கு இன்னும் மனம் வரவில்லை.