ஜிமோந்தியின் ஊர்ப்பக்கம் ஒரு பழைய பியாங்கி

இத்தாலியின் பெர்கமோவுக்கு வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் வருடம் காகிதங்களிலேயே போய்விடும். குடியிருப்பு அனுமதி, வரி எண், மருத்துவ அட்டை, வாடகை ஒப்பந்தம் என்று வரிசை நீளும். அதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். ஊர்க்காரர்களோடு பழகுவதுதான் கஷ்டம். மரியாதையான மனிதர்கள், ஆனால் தாமாக வந்து பேச மாட்டார்கள். படிக்கட்டில் பார்த்தால் ஒரு ‘புவோன்ஜோர்னோ’, அதோடு சரி. என்னை அவர்களோடு பேச வைத்தது ஒரு பழைய ரேஸ் சைக்கிள்.

கீழ்வீட்டுப் பெரியவர் அதை நிலவறையில் போர்த்தி வைத்திருந்தார். முழங்கால் ஒத்துழைக்காததால் யாருக்காவது கொடுத்துவிட நினைத்தார். பச்சை கலந்த வெளிர் வான நீலம், அதாவது செலெஸ்தே நிறத்தில், பியாங்கி என்ற இத்தாலியக் கம்பெனி செய்த சைக்கிள். பின் கியரில் ‘பேட்டன்ட் 74’ என்று பொறித்திருந்தது. சைக்கிள் பாகங்கள் செய்யும் காம்பாஞோலோ கம்பெனி அந்தக் காலத்து நுவோவோ ரெகார்ட் கியர்களில் இப்படித்தான் ஆண்டைப் பொறித்தது. ஃபிரேமில் ஐந்து நிறப் பட்டை: நீலம், சிவப்பு, கறுப்பு, மஞ்சள், பச்சை. உலகச் சாம்பியனின் பட்டை அது.

அந்தப் பட்டைக்குக் காரணம் ஃபெலிச்சே ஜிமோந்தி என்ற சைக்கிள் பந்தய வீரர். பெர்கமோவுக்கு வடக்கே, பிரெம்பானா பள்ளத்தாக்கின் வாசலில் இருக்கும் செத்ரீனாவில் பிறந்தவர். அம்மா சைக்கிளில் தபால் கொடுத்தவர். மகன் 1965-இல் டூர் தெ பிரான்ஸை வென்றார். இத்தாலியைச் சுற்றும் பந்தயமான ஜீரோ தி இத்தாலியாவை மூன்று முறையும் ஸ்பெயினின் வுவெல்டா பந்தயத்தை ஒரு முறையும் வென்றார். எடி மெர்க்ஸ் என்ற பெல்ஜிய வீரர், ஓர் அசுரன், எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போன காலத்தில் இதைச் செய்தார் என்பதை நினைத்தால்தான் அவருடைய அருமை புரியும். 1973-இல் பார்சிலோனா உலகச் சாம்பியன் போட்டியில் கடைசியில் நான்கு பேர் மிஞ்சினார்கள், மெர்க்ஸும் அதில் ஒருவர். ஜெயித்தவர் ஜிமோந்தி. அப்போது அவர் பியாங்கி-காம்பாஞோலோ அணி வீரர். 1976-இல், 33 வயதில், இதே செலெஸ்தே நிறத்தில் மூன்றாவது ஜீரோவையும் எடுத்தார். பெரியவர் இதைச் சொல்லும்போது முழங்கால் வலியை மறந்து எழுந்து நின்றுவிட்டார்.

பழைய அணிகளின் பெயர்களைப் படித்தபோது இன்னொரு விஷயம் பிடிபட்டது. ஜிமோந்தி முதலில் ஓடிய சால்வரானி சமையலறை அலமாரி செய்த கம்பெனி. மெர்க்ஸின் ஃபயேமா காபி மெஷின் கம்பெனி, மோல்தேனி பன்றி இறைச்சிப் பண்டக் கம்பெனி. இக்னிஸ் என்றால் ஃபிரிட்ஜ். முதலில் சைக்கிள், டயர் கம்பெனிகள்தான் அணி நடத்தின. 1954-இல் ஃபியோரென்சோ மான்யி என்ற வீரர் தன் அணிக்கு நிவியா கிரீம் கம்பெனியைப் பிடித்தார், அப்புறம் மற்றவர்களும் வந்தார்கள். போருக்குப் பின் சம்பளம் கூடி, வீட்டுக்கு முதல் ஃபிரிட்ஜும் புது சமையலறையும் வாங்கிக்கொண்டிருந்த குடும்பங்கள்தான் சாலையோரம் நின்று பந்தயம் பார்த்தன. டிக்கெட் கிடையாது, பந்தயமே வாசலைக் கடந்து போகும். அதைவிட நல்ல விளம்பரம் அந்தக் கம்பெனிகளுக்கு எங்கே கிடைக்கும்? இந்த வட்டாரம் எப்படி வளர்ந்தது என்பதை நான் இந்த ஜெர்ஸிப் பெயர்களிலிருந்துதான் கற்றுக்கொண்டேன்.

சைக்கிளை ஓவராயில் செய்ய பெரியவர் தன் நண்பரின் பட்டறைக்கு அழைத்துப் போனார். நம் ஊர்ச் சைக்கிள் கடை மாதிரியே கிரீஸ் வாசனை. அங்கே தெரிந்துகொண்டது நிறைய. ஆங்கிலேய முறையில் பெடல் அச்சைத் தாங்கும் வலப்பக்கக் கப்புக்கு இடது மரை, மிதிக்க மிதிக்கக் கழன்று வராது. பழைய இத்தாலிய முறையில் இரண்டு பக்கமும் வலது மரைதான். அதனால் வலப்பக்கக் கப்பை முழு பலத்தோடு இறுக்க வேண்டும், அடிக்கடி பார்க்கவும் வேண்டும். டயரும் டியூபும் ஒன்றாகத் தைத்திருக்கும், ரிம்மில் பசை தடவி ஒட்ட வேண்டும். கியர் மாற்றும் லீவர்கள் கீழ்க்குழாயில் இருக்கின்றன, டக் டக்கென்று விழும் படிகள் அவற்றில் இல்லை. செயின் சரியான பல்லில் உட்கார்ந்ததா என்பதைக் காதால் கேட்டுத்தான் சரிசெய்ய வேண்டும்.

பெயின்ட் சில இடங்களில் உரிந்திருக்கிறது. புதிதாக அடித்துவிடலாமே என்று நண்பர்கள் சொன்னார்கள். நான் சம்மதிக்கவில்லை. துரு பரவாமல் துடைத்து மெழுகு போட்டால் போதும். புது பெயின்ட் அடித்தால் 1974-இல் ஒட்டிய பட்டையும் எழுத்துகளும் போய்விடும், கடையில் கிடைக்கும் நகல் ஸ்டிக்கர்தான் மிஞ்சும்.

ஞாயிறு காலை பிரெம்பானா பள்ளத்தாக்கில் ஏறும்போது பின்னால் வருகிற கார்பன் சைக்கிள்காரர்கள் வேகத்தைக் குறைத்து, ஃபிரேமைப் பார்த்து, எந்த வருடம் என்று கேட்கிறார்கள். கொஞ்ச தூரம் கூடவே வருகிறார்கள். அப்பா வைத்திருந்தாராம், மாமா பியாங்கியில் வேலை பார்த்தாராம். அந்தத் தொழிற்சாலை இந்த மாவட்டத்துத் திரெவில்யோவில்தான் இருக்கிறது. பிறகுதான் நான் எந்த ஊர் என்ற கேள்வி வரும். அந்த வரிசை எனக்குப் பிடித்திருக்கிறது.

அடுத்து எனக்கு ஆசை லெரோயிகா என்ற சைக்கிள் ஓட்டத்தில்தான். தோஸ்கானாவின் கையோலே இன் கியாந்தியில், அக்டோபரில், வெள்ளை மண் சாலைகளில் பழைய சைக்கிள்களுக்காகவே 1997 முதல் நடப்பது. 1987-க்கு முந்தைய ரேஸ் சைக்கிள் வேண்டும், கியர் லீவர் ஃபிரேமில் இருக்க வேண்டும், பிரேக் கேபிள் ஹேண்டில்பாருக்கு வெளியே வளைந்து வர வேண்டும். எல்லாம் இதில் இருக்கிறது. மண் சாலை ஏற்றங்களுக்கு பெடல் பக்கத்தில் இருக்கும் இந்த 42 பல் சிறிய பல்சக்கரம் கடினம் என்கிறார் பட்டறைக்காரர். பின்னால் போட, அதிகப் பற்கள் உள்ள அந்தக் காலத்து ஃப்ரீவீல் ஒன்றைப் பெரியவர் தேடிக்கொண்டிருக்கிறார்.