21 வருடம் காத்திருந்த பாட்டு

காரைக்குடியில் அப்பத்தா வீட்டுப் பட்டாசாலை. முதுகுக்கு அடியில் ஆத்தங்குடிக் கல்லின் குளுமை, காதில் ஹெட்போன். நேற்று மத்தியானம் முழுக்க இங்கிலாந்து ராக் குழு ரேடியோஹெட்தான், 1993-இல் வந்த முதல் ஆல்பத்திலிருந்து வரிசையாக.

முதல் ஆல்பம் எனக்கு ஓரளவுதான் பிடிக்கும். 1997-இல் ‘ஓகே கம்ப்யூட்டர்’ வந்து உலகமே கொண்டாடியது. அதே பாணியில் இன்னும் நாலு போட்டிருக்கலாம். ஆனால் 2000-இல் ‘கிட் ஏ’வில் கிதாரை ஓரமாக வைத்துவிட்டு சிந்தசைசர் பக்கம் போனார்கள். எவ்வளவு பெரிய துணிச்சல்! அந்த வருடம் ஐரோப்பாவில் விளம்பரப் பலகைகளே இல்லாத கூடாரத்தில் வாசித்தார்கள். ஆள் மாறவில்லை, அதே ஐந்து பள்ளித் தோழர்கள்.

அப்புறம் ‘ட்ரூ லவ் வெயிட்ஸ்’. 1995-இலேயே குழுவின் பாடகர் தாம் யார்க் அதை மேடையில் கிதாரோடு பாடிவிட்டார். ஸ்டுடியோ ஆல்பத்தில் வந்தது 2016-இல், ‘எ மூன் ஷேப்ட் பூல்’ கடைசிப் பாட்டாக. கிதார் போய்விட்டது. ஒன்றின் மேல் ஒன்றாகப் பியானோ, சொட்டுச் சொட்டாக, மழை விட்டபின் முற்றத்து ஓட்டிலிருந்து தண்ணீர் விழுகிற மாதிரி. இளைஞனாகப் பாடியதை நாற்பத்தேழு வயதுக் குரலில் கேட்கும்போது தொண்டை அடைக்கிறது.

அப்பத்தா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஹெட்போனை அவர் காதில் வைத்தேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, “யாரையோ போகாதேன்னு கெஞ்சுறாப்ல இருக்கேப்பா” என்றார்.

அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. பாட்டும் அதைத்தான் சொல்கிறது.