மீனை விட்ட தவக்காலம்

மார்ச் 5, 2025, புதன்

தவக்காலம் தொடங்கிவிட்டது, கோவிலில் நெற்றியில் சாம்பல் பூசி வந்தாச்சு. உயிர்ப்பு ஞாயிறு, அதாவது ஈஸ்டர் வரை மீனைத் தொடுவதில்லை என்று வீட்டில் சொல்லிவிட்டேன். நாகர்கோவில்காரிக்கு இது சின்ன விஷயமில்லை. "எனக்கும் சேர்த்தா?" என்று பயந்துபோய்க் கேட்டார் இவர்.

ராத்திரி சென்னையிலிருந்து மகன் கூப்பிட்டான். கூட வேலை பார்க்கிற பெண்ணாம். வேதக்காரப் பிள்ளைதான், ஞாயிறு பூசை தவறாதவளாம். "அப்புறம் என்ன மக்ளே?" என்றேன். "நம்ம ஆட்கள் இல்லம்மா" என்றான். அதற்குப் பிறகு எனக்குப் பேச்சு வரவில்லை.

மார்ச் 7, வெள்ளி

சிலுவைப் பாதை. ஐந்தாம் தலத்தில் சீமோன். வயலிலிருந்து வந்துகொண்டிருந்தவரைப் பிடித்து இயேசுவின் சிலுவையைத் தூக்க வைத்தார்கள். என்னை யாராவது பிடித்து இழுத்தால்கூட நல்லது போலிருக்கிறது. தானாக முன்னே போகத்தான் கால் வரமாட்டேன் என்கிறது.

மார்ச் 9, ஞாயிறு

ஆரல்வாய்மொழி காற்றாடிமலைக்குப் போனோம். வேதத்துக்கு மாறியதற்காகத் துன்பப்பட்ட புனிதர் தேவசகாயம் 1752 ஜனவரி 14 அன்று சுட்டுக் கொல்லப்பட்ட இடம். சுற்றிலும் காற்றாலைகள், காதை அடைக்கிற காற்று. தட்டினால் மணிபோல் ஒலிக்கிற மணியடிச்சான் பாறையைப் பிள்ளைகள் கல்லால் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

சின்ன வயதில் எனக்குச் சொன்ன கதையெல்லாம் அவர் பட்ட அடியைப் பற்றித்தான். எருக்கம்பூ மாலை, எருமை மேல் பின்பக்கம் பார்த்து உட்கார வைத்த ஊர்வலம், காயத்தில் மிளகாய். அரண்மனை அதிகாரியாக இருந்தவர் எல்லாச் சாதிக்காரரோடும் கலந்து பழகினார் என்பதை ஒரு வரியில் தாண்டிவிடுவார்கள். நானும் என் மகனுக்கு அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். 2022 மே 15 அன்று புனிதர் பட்டம் கொடுத்தபோது, அவர் பெயரோடு ஒட்டியிருந்த 'பிள்ளை' என்ற சாதிப் பட்டத்தை ரோமாபுரி எடுத்துவிட்டது. அன்றைக்கு இதே வீட்டில் அதைப் பற்றி எவ்வளவு முணுமுணுப்பு!

மார்ச் 12, புதன்

லூக்கா நற்செய்தி 14-ஆம் அதிகாரம் வாசித்தேன். நம் கத்தோலிக்கக் கோவிலில் வாசிக்கிற பொது மொழிபெயர்ப்பில் தந்தை, தாய், உடன்பிறந்தோரை இயேசுவைவிட 'மேலாகக் கருதினால்' சீடராக முடியாது என்று இருக்கிறது. பக்கத்து வீட்டு சி.எஸ்.ஐ. (புராட்டஸ்டன்ட்) சபை அக்காவின் பழைய பைபிளில் நேராக 'வெறுக்காவிட்டால்'. அர்த்தம் சொல்கிறவர்கள் நம்முடையதுதான் சரி என்பார்கள். இருக்கட்டும். எனக்கு இன்று உறைத்தது பழையதுதான்.

அதே அதிகாரத்தில் கோபுரம் கட்டப் போகிறவன் முதலில் உட்கார்ந்து செலவுக் கணக்குப் பார்க்கிறான். என் கணக்கில் இந்த வருஷம் வந்தது நெய்மீன் மட்டும்.

மார்ச் 16, ஞாயிறு

வள்ளியூரில் அண்ணனிடம் சொன்னேன். "வேதம் வேற, சம்பந்தம் வேற" என்றான். திரும்பும்போது வடக்கன்குளத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். தேவசகாயம் 1745-இல் ஞானஸ்நானம் வாங்கிய ஊர். அதே ஊரில்தான் பின்னால் சாதிக்கு ஒரு பக்கமாகக் கோவிலைப் பிரித்து நடுவே சுவர் வைத்தார்கள். 1910-இல் அதை இடித்தார்கள். இடித்ததை எதிர்த்துப் போட்ட வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. பீடத்தின் முன்னால் முழங்காலில் நின்றேன். செபமே வரவில்லை. அண்ணன் சொன்னதுதான் திரும்பத் திரும்ப வந்தது. அந்தச் சுவருக்காக வழக்கு நடத்தியவர்களும் வெள்ளிக்கிழமை தவறாமல் சிலுவைப் பாதை போயிருப்பார்கள்.

மார்ச் 19, புதன்

சூசையப்பர் திருநாள். காலைப் பூசை முடிந்து வந்து, இவரிடம் கேட்காமலே பெண்ணின் அம்மாவுக்கு போன் போட்டேன். கை நடுங்கியது. அவர் நிதானமாகப் பேசினார். நிச்சயத்துக்குத் தேதி, சாப்பாடு, எத்தனை பேர் என்றெல்லாம் போய்க்கொண்டிருந்தது.

"உங்க அண்ணன் வருவாங்களாம்மா?" என்று கேட்டார்.

"தெரியலம்மா. நாங்க வருவோம்" என்றேன்.

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு, மகனுக்கு மீன் பிடிக்குமா என்று கேட்டார்.