மக்கிய நிலைக்கால்

கரையான் தடுப்புப் பணியில் சேர்ந்த முதல் சில ஆண்டுகள் நான் மண்ணை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். சுவரோரம் துளையிட்டு, மருந்து செலுத்தி, துளைகளைச் சிமெண்டால் அடைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நம்பினேன். அந்த நம்பிக்கையைக் கலைத்தது ஒரு பழைய ஓட்டு வீட்டின் குளியலறை நிலைக்கால். மருந்து போட்டு இரண்டு ஆண்டுகள் ஆவதற்குள் அங்கே மறுபடியும் மண்பூச்சு ஏறியிருந்தது. நான்கடி தள்ளி, ஈரம் படாமல் நின்ற கூடத்து நிலையைக் கரையான் தொடவே இல்லை.

அடிப்பகுதியை உளியால் கிளறியபோது, மரம் பழுப்பேறி, சிறுசிறு கட்டங்களாக வெடித்து, விரல்களுக்கிடையில் பொடிந்தது. கரையான் மட்டும் அரித்த மரம் அப்படி இராது. அது பூஞ்சையின் வேலை. சுவருக்குள் குழாய் நெடுநாளாகக் கசிந்திருக்கிறது.

பிறகுதான் படிக்கத் தொடங்கினேன். பழுப்பழுகல் பூஞ்சை பிடித்த மரத்தின் சாறு கரையான்களை ஈர்க்கிறது என்று விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1961-இல் வெளியிட்டார்கள். 1968-இல் பூச்சியியல் ஆய்வாளர் மட்சுமுராவும் அவருடன் பணியாற்றியவர்களும், கரையான் தன் கூட்டத்துக்கு வழிகாட்டத் தரையில் இட்டுச் செல்லும் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். 12 கார்பன் அணுக்களும் மூன்று இரட்டைப் பிணைப்புகளும் கொண்ட டோடெகாட்ரையீனால் என்னும் ஆல்கஹால் அது. பூஞ்சை பிடித்த மரத்திலும் அதே பொருள் இருப்பதாக அவர்கள் அறிவித்ததைப் படித்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை. கண்ணில்லாத வேலைக்காரக் கரையான் தன் வயிற்றடிச் சுரப்பியால் எழுதும் பாதையை, மக்கும் மரமும் எழுதிவைக்கிறது என்றல்லவா அதற்குப் பொருள்!

இந்த ஆய்வுகள் வட அமெரிக்க இனங்களில் நடந்தவை. கரையானை விரட்டும் பூஞ்சைகளும் உண்டு. ஆகவே ஈரம் கண்ட இடமெல்லாம் கரையான் வரும் என்று இளையவர்களிடம் நான் சொல்வதில்லை. பயிற்சியின்போது பந்துமுனைப் பேனாவால் தாளில் ஒரு வளைகோடு வரைந்து, அதன்மேல் கரையான்களை விடுவேன். சில மைகளில் உள்ள ஃபீனாக்சிஎத்தனால் அந்தத் தடப்பொருளைப் போலவே செயல்படுவதால், அவை கோட்டைவிட்டு விலகாமல் நடக்கும். அதைப் பார்த்தவர்கள் அடுத்த வீட்டில் ஈரமானியை எடுக்காமல் துளைக்கருவியைத் தொடுவதில்லை.

அந்த ஓட்டு வீட்டில் குழாயை மாற்றச் செய்து, நிலைக்காலின் மக்கிய அடியை அறுத்தெடுத்து, கருங்கல் துண்டின்மேல் நிறுத்தினோம். மருந்தைக் கடைசியாகத்தான் செலுத்தினேன்.